வழு தெரிந்த மணிக்கூடு

கண்ணில் அழுத்தம் கூடும் நோய் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் அது பொல்லாதது. பல் வலித்தால் மருந்தை யாரும் மறப்பதில்லை. குளுக்கோமா என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த நோயோ, பார்வையை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தின்றுகொண்டு வரும். போன பார்வை திரும்பி வராது. இருக்கிற பார்வையைக் காப்பதற்காக நாள் தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும். விட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. விடாவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது.

எனது உம்மம்மாவுக்கு நான்கு வருடமாக இந்த நோய் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஒரு சொட்டு, மாலை ஆறு மணிக்கு ஒரு சொட்டு. அவர் வேறு ஊரில் தனியாக இருக்கிறார். எவ்வளவு கூப்பிட்டும் தன் வீட்டை விட்டு வர மாட்டார். நாங்கள் வார இறுதியில் போய் வருவோம்.

கண்ணின் அழுத்தம் வழமையாக 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசம் வரை இருக்கும் என்பார்கள். சென்ற வருடம் அடுத்தடுத்த இரண்டு கிளினிக்குகளில் உம்மம்மாவுக்கு அது 26க்குக் கீழே இறங்கவில்லை. அப்போது வைத்தியருக்கு இரண்டு வழிகள்தாம் இருந்தன. மருந்து ஒழுங்காக விடப்பட்டும் அழுத்தம் குறையவில்லை என்றால் மருந்தை மாற்ற வேண்டும். தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை வரைக்கும் போக வேண்டும். மருந்து ஒழுங்காக விடப்படவில்லை என்றால் அது வேறு கதை.

எங்கள் குடும்பத்தில் பதில் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. “வயசு போனா மறதி வாறதுதானே” என்று மாமா தொலைபேசியில் சொன்னார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் இல்லை. உம்மம்மாவுக்கு அதுதான் மிகவும் நொந்தது. “எனக்குக் கண்தான் மங்குது மகள், புத்தி மங்கல்ல. நான் நேரத்துக்குத்தான் விடுறன்” என்று என்னிடம் சொன்னார்.

யார் உரத்துப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் இந்த வழக்கு முடிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அப்படித்தான் அந்தப் பெட்டியைச் செய்யும் எண்ணம் வந்தது.

பெட்டி எளிமையானது. மருந்துக் குப்பி நிற்பதற்கு ஒரு குழி. குழியின் அடியில் ஒரு சிறிய ஆளி. குப்பியைத் தூக்கினால் ஆளி விடுபடும். உள்ளே இருக்கும் நுண்கட்டுப்படுத்தி அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளும். குறித்த நேரம் தாண்டி ஒரு மணித்தியாலமாகியும் குப்பி அசையாவிட்டால் மட்டும் பெட்டி சத்தமிடும். மற்றபடி அது வாய் திறவாமல் எழுதிக்கொண்டேயிருக்கும். நான் பயன்படுத்திய ஏடிமெகா 328 என்ற சில்லில், மின் நின்றாலும் அழியாத 1024 பைற் நினைவகம் உண்டு. ஒரு பதிவுக்கு 4 பைற். நாளுக்கு இரண்டு பதிவு. 90 நாளுக்கு 720 பைற். ஒரு கிளினிக்கிலிருந்து அடுத்த கிளினிக் வரைக்கும் இடம் போதும்.

மின்கலத்தில்தான் இயக்க வேண்டும் என்பதும் முதலிலேயே தீர்மானமாகிவிட்டது. உம்மம்மா மருந்து வைக்கும் அலுமாரிக்குப் பக்கத்தில் மின்செருகி இல்லை. அதோடு, 2022 மார்ச் மாதக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் தடைப்பட்டதை நாங்கள் யாரும் மறக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரு கேள்வி மட்டும். பெட்டிக்கு நேரம் எப்படித் தெரியும்?

கணினிச் சில்லு என்றால் நேரம் தானாகவே சரியாக இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். சில்லுக்கு நேரம் தெரியாது. அதற்கு எண்ண மட்டும்தான் தெரியும். ஏதோ ஒன்று ஒழுங்காகத் துடித்தால் அந்தத் துடிப்புகளை எண்ணி, “இத்தனை வந்தால் ஒரு செக்கன்” என்று கணக்கிடும். துடிப்பு பிசகினால் எண்ணிக்கை சரியாக இருந்தும் நேரம் பிழைக்கும்.

துடிப்பைத் தருவதற்குப் பல வழிகள் உண்டு. சில்லுக்குள்ளேயே தடையியும் கொள்ளளவியும் கொண்ட ஓர் அலையி இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பது அதுதான். ஆனால் மின்கலத்தின் அழுத்தம் குறைந்தாலும், அறையின் வெப்பம் கூடினாலும் அதன் மீடிறன் மாறும். நன்றாக அளவுதிருத்தினாலும் நூற்றுக்கு 1 அளவில் வழு எதிர்பார்க்கலாம் என்று அச்சில்லின் தரவுத்தாள் சொல்கிறது. நூற்றுக்கு 1 என்பது பரீட்சைப் புள்ளியில் சிறியது. மணிக்கூட்டில் அது நாளுக்கு 14 நிமிடம் 24 செக்கன்.

அடுத்தது, பல பயிற்சிப் பலகைகளில் இருக்கும் மட்பாண்ட அதிர்வி. அது நூற்றுக்கு 0.5 வரை பிசகலாம். அப்படியானால் நாளுக்கு 7 நிமிடம் 12 செக்கன்.

மூன்றாவது, கைமணிக்கூடுகளில் இருக்கும் குவாட்ஸ் படிகம். நமது ஆய்வுகூடத்து இசைக்கவை போலவே வடிவம். ஆனால் ஓர் அரிசி மணியளவுதான் இருக்கும். செக்கனுக்கு 32,768 தரம் அதிரும். இந்த எண் விசித்திரமாகத் தோன்றலாம். 2ஐ 15 தடவை பெருக்கிப் பாருங்கள், அதே எண் வரும். ஆகவே துடிப்புகளைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிஞ்சுவது செக்கனுக்குச் சரியாக ஒரு துடிப்பு. மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்கு அப்பால் இருப்பதால் அதன் ரீங்காரம் நமக்குக் கேட்பதுமில்லை. பத்து இலட்சத்துக்கு 20 என்ற அளவில் இதன் வழு இருந்தால், நாளுக்கு 1.7 செக்கன்தான்.

ஆனாலும் வெப்பநிலை இந்தப் படிகத்தையும் விடாது. ஏறத்தாழ 25 பாகை செல்சியஸில் அது நன்றாக ஓடும். அதைவிடச் சூடானாலும் பிந்தும், குளிர்ந்தாலும் பிந்தும். தகரக் கூரையின் கீழ் 35 பாகையில் இருக்கும் மணிக்கூடு, நாளுக்குக் கால் செக்கனுக்குச் சற்று அதிகமாகப் பிந்தும். நுவரெலியாக் குளிரில் 10 பாகையில் இருப்பது நாளுக்கு அரைச் செக்கனுக்கு மேல் பிந்தும்.

இதற்கும் தீர்வு கண்டிருக்கிறார்கள். டீஎஸ் 3231 என்ற சில்லுக்குள் படிகமும் வெப்பமானியும் சேர்ந்தே இருக்கின்றன. 64 செக்கனுக்கு ஒரு முறை அது தன் வெப்பநிலையைத் தானே அளந்து, படிகத்தின் ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 பாகை வரை அதன் வழு பத்து இலட்சத்துக்கு 2 தான். ஒரு முழு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இவையெல்லாம் தாளில் இருப்பவை. எனது பௌதிகவியல் ஆசிரியை தாளில் இருப்பதோடு விட மாட்டார். வேணியர் இடுக்கிமானியின் தாடைகளை மூடிப் பூச்சிய வழுவைப் பார்க்காமல் ஒரு வாசிப்பும் எடுக்கக் கூடாது என்பது அவரது சட்டம். “கருவி சரியா பிழையா என்று கேட்காதீர்கள். எவ்வளவு பிழை, எப்போதும் அதே பிழையா என்று கேளுங்கள்” என்பார். எனவே நான்கு வகையிலும் ஒவ்வொரு மணிக்கூடு செய்து, ஆய்வுகூட யன்னலோரத்தில் வரிசையாக வைத்தோம். பதினான்கு நாட்கள், ஒவ்வொரு நாளும் இடைவேளை மணியடித்ததும் இணையத்தின் வழியாக நேரம் திருத்தப்பட்ட ஒரு கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதினோம்.

சில்லின் உள் அலையியைக் கொண்டு தூங்கி விழித்த மணிக்கூடு முதல் நாளே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விலகிவிட்டது. இரண்டாம் நாள் விலகிய அளவு வேறு, மூன்றாம் நாள் வேறு. மட்பாண்ட அதிர்வி நாளுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 15 செக்கன் முந்தியது. படிகம் பதினான்கு நாளில் மொத்தம் 19 செக்கன் பிந்தியது. வெப்பம் அளக்கும் சில்லு 2 செக்கனுக்குள் நின்றது.

இந்த அட்டவணையில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது கடைசி வரியை அல்ல, மூன்றாவது வரியை. படிகம் 19 செக்கன் பிழைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே அளவு பிழை. நாளுக்கு 1.4 செக்கன் பிந்தும் என்று தெரிந்துவிட்டால் நிரலில் அதைக் கூட்டிவிடலாம். முதலாவது மணிக்கூட்டை அப்படித் திருத்த முடியாது. நாளைக்கு அது எவ்வளவு பிசகும் என்று அதற்கே தெரியாது.

கடலோடிகளுக்கு இது பழைய பாடம். கப்பலில் நெட்டாங்கைக் கண்டுபிடிக்கச் சரியான நேரம் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் ஜோன் ஹரிசன் என்ற தச்சர் மகன் தன் வாழ்நாளை அதற்கே செலவிட்டார். 1761ஆம் ஆண்டு அவரது மணிக்கூடு ஜமைக்காவுக்குப் பயணம் செய்தது. அது பிந்தவே பிந்தாது என்று அவர் சொல்லவில்லை. நாளுக்கு இவ்வளவு பிந்தும் என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்த அளவைக் கழித்த பின்னர், இரண்டரை மாதத்துக்கும் மேலான கடற்பயணத்தின் முடிவில் எஞ்சிய வழு ஏறத்தாழ 5 செக்கன். வெப்பத்தால் வரும் வழுவை ஈடுசெய்ய அவர் இரண்டு உலோகங்களை ஒட்டிய தகட்டைப் பயன்படுத்தினார். டீஎஸ் 3231 சில்லுக்குள் இருக்கும் வெப்பமானி அதே வேலையைத்தான் செய்கிறது.

சரி, ஒரு முதியவரின் சொட்டு மருந்துக்குச் செக்கன் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பத்து நிமிடம் முந்திப் பிந்தினால் மருந்துக்கு ஒன்றும் ஆகாதே? உண்மைதான். ஆனால் வழு சேரும். நாளுக்கு 2 நிமிடம் 15 செக்கன் முந்தும் மணிக்கூடு, 90 நாளில் 3 மணித்தியாலம் 22 நிமிடம் முந்திவிடும். வானொலியில் காலை ஆறு மணி சொல்லும்போது மருந்து விடுகிற உம்மம்மாவை, “9.22க்கு விட்டார்” என்று அந்தப் பெட்டி எழுதும். அதுவும் ஒரே நாளில் அல்ல. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்துவது போலக் காட்டும். மறதி கூடிக்கொண்டே போகும் ஒருவரின் பதிவு எப்படி இருக்குமோ, அச்சாக அப்படியே இருக்கும். பிந்தியது யார் என்று அந்தத் தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கணினி எழுதியது என்பதால் எல்லோரும் அதைத்தான் நம்புவார்கள்.

ஆகவே உம்மம்மாவை அளப்பதற்கு முன் பெட்டியை அளக்க வேண்டியிருந்தது.

வெப்பம் அளக்கும் சில்லையே தெரிவு செய்தேன். அதற்கு மின்கலமும் ஒரு காரணம். சில்லு எந்நேரமும் விழித்திருந்தால் மின்கலம் தாங்காது. ஒரு பயிற்சிப் பலகை சும்மா இருக்கும்போதே 45 மில்லிஅம்பியர் அளவில் உறிஞ்சும். 2000 மில்லிஅம்பியர் மணித்தியாலம் கொண்ட மின்கலத் தொகுதி இரண்டு நாளைக்கூட முழுதாகக் காணாது. எனவே நுண்கட்டுப்படுத்தியை ஆழ்ந்த தூக்கத்தில் வைக்க வேண்டும். ஆனால் ஆழ்ந்து தூங்கும்போது அதன் பிரதான அலையி நின்றுவிடும், எண்ணுவதும் நின்றுவிடும். விழித்ததும் எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று அதற்குத் தெரியாது. நோன்பு காலத்தில் எல்லோரும் தூங்கும்போது சஹருக்கு எழுப்பி விட ஒருவர் விழித்திருப்பாரே, அப்படி ஒரு காவல் தேவை. அந்தக் காவல்தான் தனி மணிக்கூட்டுச் சில்லு. நாணய வடிவ மின்கலத்தில் அது உண்பது 3 மைக்ரோஅம்பியருக்கு மேற்படாது. 220 மில்லிஅம்பியர் மணித்தியாலம் கொண்ட சீஆர் 2032 மின்கலம், கணக்கின்படி எட்டு வருடத்துக்குப் போதும். பெரிய மின்கலங்களை மாற்றும்போதும் நேரம் அறுபடாது.

நிரலிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டியிருந்தது. அடுத்த சொட்டின் நேரத்தை எதிலிருந்து கணக்கிடுவது? “கடைசியாகக் குப்பியைத் தூக்கியதிலிருந்து 12 மணித்தியாலம்” என்று எழுதினால் எளிது. ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பிந்தினால், அந்தப் பத்தும் அடுத்ததில் சேரும். 180 சொட்டுகளில் அது 30 மணித்தியாலமாகிவிடும். படிகம் எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. எனவே காலை ஆறு, மாலை ஆறு என்ற நிலையான நேரங்களிலிருந்தே எப்போதும் கணக்கிடச் செய்தேன். நேற்றைய பிந்தல் நேற்றோடு முடிந்துவிடும்.

பெட்டியைக் கொண்டுபோய் வைத்த அன்று உம்மம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பழைய நேரமா, புது நேரமா?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சப்படுத்த நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்களாம். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்களாம். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அதுவரைக்கும் யார் நேரம் சொன்னாலும் “பழையதா, புதுசா” என்று கேட்பது பழக்கமாகிவிட்டதாம். “முள்ளத்தான் மாத்தினாங்க மகள். சூரியன் அதுபாட்டுக்குத்தான் வந்துது” என்றார்.

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு உதவியது. மணிக்கூட்டின் ஓட்டம் ஒன்று, அதை வைக்கும் நிலை வேறொன்று. யாராவது பெட்டியின் நேரத்தைக் கையால் மாற்றினால் அதுவும் ஒரு பதிவாக எழுதப்பட வேண்டும் என்று அன்றிரவே நிரலில் ஒரு வரி சேர்த்தேன்.

88 நாள் கழித்து கிளினிக்குக்கு முதல் நாள் பதிவுகளை எடுத்தேன். 176 சொட்டுகளில் 171 குறிக்கப்பட்டிருந்தன. விடுபட்ட ஐந்தில் மூன்று, கலியாண வீட்டுக்குப் போய் நின்ற நாட்கள். மற்றவற்றுள் பெரும்பாலானவை ஆறு மணிக்குக் கால் மணித்தியாலத்துக்கு உள்ளேயே இருந்தன. பட்டியலை அச்சடித்தபோது அதன் தலையில் ஒரு வரி போட்டேன்: “இந்த மணிக்கூடு 88 நாளில் 11 செக்கன் முந்தியுள்ளது. நேரம் கையால் மாற்றப்படவில்லை.”

வைத்தியர் முதலில் வாசித்தது அந்த வரியைத்தான். பிறகு பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அன்றைக்கும் அழுத்தம் 26. அவர் உம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. உம்மம்மாவின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்து, “வீட்டுல எப்படி விடுவீங்களோ, அப்படி விட்டுக் காட்டுங்க” என்றார்.

உம்மம்மா கதிரையில் இருந்தபடி தலையை அண்ணாந்து விட்டார். கை சற்று நடுங்கியது. சொட்டு இமையின் ஓரத்தில் விழுந்து கன்னத்தில் வழிந்தது. அவர் அது உள்ளே போனதென்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் தவறவில்லை. மறதியும் இல்லை. மருந்து கண்ணுக்குப் போகவில்லை, அவ்வளவுதான். படுத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, சொட்டு விழுந்ததும் கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளும்படி தாதி சொல்லிக் கொடுத்தார். பக்கத்து வீட்டு மாமி காலையிலும் மாலையிலும் வந்து கைகொடுக்க ஒப்புக்கொண்டார். அடுத்த கிளினிக்கில் அழுத்தம் 19 ஆக இறங்கியிருந்தது. மாமா தொலைபேசியில் எடுத்து, “உம்மா, நீங்க சொன்னது சரிதான்” என்றார். உம்மம்மா அதற்குப் பதில் சொல்லாமல் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார்.

சொட்டு எங்கே விழுகிறது என்பதைப் பெட்டியால் சொல்ல முடியாது. ஆனால் “விட்டாரா, இல்லையா” என்ற கேள்வியை அது முடித்து வைத்தது. அதனால்தான் “எப்படி விடுகிறார்” என்ற அடுத்த கேள்வியை வைத்தியரால் கேட்க முடிந்தது.

இதைப் போல ஒன்றைச் செய்து பார்க்க விரும்பும் தங்கைகளுக்கு இரண்டு சொற்கள். மணிக்கூட்டுச் சில்லை ஒரு பலகையோடு வாங்கினால் அதிலுள்ள சிறிய எல்.ஈ.டி. விளக்கைக் கழற்றிவிடுங்கள், மணிக்கூடு உண்பதைவிட அந்த விளக்கு உண்பதுதான் அதிகம். சில பலகைகள் நாணய மின்கலத்தை மின்னேற்றவும் முயலும். சீஆர் 2032 மின்னேற்றக் கூடியதல்ல; அந்தச் சுற்றைத் துண்டித்துவிட்டே அதைப் போட வேண்டும். ஆசிரியையின் முன்னிலையில் செய்யுங்கள்.

மற்றது, எந்தத் தரவுத்தாளையும் வாசித்ததோடு விடாமல் குறைந்தது இரண்டு வாரமாவது நீங்களே ஒப்பிட்டு எழுதுங்கள். நமது ஆய்வுகூட யன்னலோரத்தில் அந்த நான்கு மணிக்கூடுகளும் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் கயிற்றில் கட்டிய பென்சிலோடு ஒரு கொப்பி தொங்குகிறது. இடைவேளையில் அந்தப் பக்கம் வருபவர்கள் அன்றைய வழுவைப் பார்த்து ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம்.